செடியின் பெயரும் சர்வே எண்ணும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது முப்பது பேர் கூட்டமாகக் கிளம்பி, ஏரிக்கரை, ஓடை, கல்லாங்குத்து, புறம்போக்கு என்று நடந்து, அங்கே தானாக முளைத்துக் கிடக்கும் செடிகளுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவி வருகிறது. தாவர நடை என்கிறார்கள், கீரை நடை என்கிறார்கள். வழிகாட்டி ஒருவர் குனிந்து ஒரு செடியைக் காட்டுவார். தமிழ்ப் பெயர், லத்தீன் பெயர், குடும்பப் பெயர், மருத்துவக் குணம் எல்லாம் சொல்வார். எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள், குறிப்பு எழுதுவார்கள். நல்ல காரியம்தான். இதைக் கேலி பண்ண நான் வரவில்லை. நானும் ஐந்தாறு நடைகளுக்குப் போயிருக்கிறேன், இனியும் போவேன். ஆனால் தலித் விடுதலை பேசுகிற நாம் இதை எப்படிப் பார்ப்பது, இதில் நமக்கு என்ன வேலை என்று நம் ஆட்கள் யாரும் பேசக் காணோம். பேசியாக வேண்டும் தோழர்களே.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடிக்குப் பெயர் கேட்கிற ஒவ்வொரு நடையும் கூடவே இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். பெயரைச் சொன்னது யார்? செடி நிற்கிற நிலம் யாருடையது? இந்த இரண்டையும் கேட்காத நடை எவ்வளவு நீளமான பட்டியலைக் கொண்டுவந்தாலும் அது சாதிக்கு வலிக்காத நடை. கேட்கிற நடையை நாம்தான் தொடங்க வேண்டும். யாரோ வந்து நமக்காகத் தொடங்கமாட்டார்கள்.

முதலில் அறிவு யாரிடம் இருக்கிறது என்று பார்ப்போம்.

நடவு முடிந்து பதினைந்து இருபது நாளில் களை பறிக்க இறங்குவார்கள். அப்போது வயலில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒரே உசரம், ஒரே பச்சை. எங்கம்மா சேற்றுக்குள் கைவிட்டால் புல் மட்டும் வரும், நெல் நிற்கும். தப்பித்தவறி நெல் ஒன்று கையோடு வந்துவிட்டால் வரப்பில் நிற்கிறவன் வாய் சும்மா இருக்காது. பயத்தில் கற்றுக்கொண்ட தாவரவியல் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்தகத் தாவரவியல் ஒரு செடியை அடையாளம் காணப் பூவும் காயும் கேட்கும். கேம்பிள் தொடங்கி 1915 முதல் 1936 வரை வெளிவந்த சென்னை மாகாணத் தாவர நூலானாலும் சரி, திருச்சியில் ராபினாட் உலர்தாவரகத்தை 1967இல் தொடங்கிய பாதிரியார் கே.எம். மாத்யூ 1980களில் கொண்டுவந்த பெரிய தொகுதிகளானாலும் சரி, பூ இல்லாத செடியை வைத்துக்கொண்டு அவற்றைப் புரட்டினால் பாதி வழியில் நின்றுவிடுவோம். களை பறிக்கிறவளுக்குப் பூக்கும்வரை காத்திருக்க முடியாது. இரண்டு இலை விட்ட உடனே அவளுக்குத் தெரிய வேண்டும். முளையிலேயே தெரிகிற இந்த அறிவு, பூவில் தெரிகிற அறிவுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஒன்று அச்சேறியது, இன்னொன்று ஏறவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

களை பறித்த கை வெறுங்கையோடு வராது. மானாவாரிக் கொல்லையில் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை. மழை விட்ட மறுவாரம் தரையோடு படரும் சாரணை. குப்பைமேட்டில் குப்பைக்கீரை. ஈர வரப்பில் நீலப் பூவோடு கானாவாழை. வேலியில் சொரசொரப்பான முசுமுசுக்கை, முடக்கத்தான், கோவைத்தழை. தண்ணீர் நின்ற பள்ளத்தில் பூவே பூக்காத ஆரை, ஒவ்வொரு காம்புக்கும் நாலு இலை. எல்லாம் ஒரே மடியில் விழும். ராத்திரி ஒரே சட்டியில் வெந்து கலவைக்கீரை ஆகும். ஒன்று கசந்தால் இன்னொன்று வழவழக்கும், மூன்றாவது அந்தக் கசப்பை எடுக்கும். எதை எவ்வளவு போடுவது, எதன் கொழுந்து, எதன் முற்றல் வயிற்றைக் கெடுக்கும், எது எந்த மாசத்தில் ஆகாது என்பதெல்லாம் அந்தச் சட்டிக்குப் பின்னால் இருக்கிற படிப்பு. களியோ கூழோ, அந்தக் கீரை இல்லாமல் இறங்காது. எங்க தெருவில் ஒரு தலைமுறை ரத்தம் வற்றிப் போகாமல் பிழைத்ததில் இந்தச் செடிகளுக்குப் பங்கு உண்டு.

வேளாண் புத்தகத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: களை. கூலி கொடுத்துப் பிடுங்கி எறிய வேண்டியது. எங்க மடியில் ஏறினால் குழம்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெயர், இந்தப் பக்கம் ஒரு பெயர். யார் நிலம் வைத்திருக்கிறானோ அவன் வைத்த பெயர் புத்தகத்துக்குப் போயிற்று. அந்தக் களைகூட நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. எனக்கு எட்டு வயசு இருக்கும்போது ஒரு நிலக்காரன் எங்கம்மாவை வரப்பில் நிறுத்தி மடியை அவிழ்த்துக் கொட்டச் சொன்னான். 'மாட்டுக்கு வேணும், வச்சுட்டுப் போ' என்றான். பிடுங்கி எறியச் சொன்னதும் அவன்தான். நம் சனங்களின் வயிற்றுக்குப் போகிறது என்று தெரிந்ததும் அது அவன் சொத்தாகிவிட்டது. இந்த மாதிரிச் சம்பவம் இல்லாத சேரி இருந்தால் சொல்லுங்கள்.

இப்போது நடைகளுக்கு வருவோம். மூன்று வருடங்களுக்கு முன்னால் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நடந்த நடை. ஏற்பாடு செய்தவர்கள் நல்லவர்கள். வழிகாட்டி படித்தவர், அக்கறையானவர். தரையோடு படர்ந்திருந்த ஒரு செடியைக் காட்டி மூக்கிரட்டை என்றார். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். 'அது மூக்கரட்டை இல்ல சார், சாரணை. மூக்கரட்டைன்னா வேரு கெழங்காட்டம் உள்ள எறங்கும். பூவு பொடிப்பொடியா செவப்பா, காம்பு நீட்டிகிட்டு கொத்தா நிக்கும். இது பூவு எலைக்கு அடியில கணுவுலயே ஒளிஞ்சிகினு இருக்கும், பாருங்க' என்று சொல்லி, ஒரு கணுவைப் பிரித்தும் காட்டினார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மருந்துக் கடைச் சரக்கிலேயே இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாறி வருவது தெரிந்த விஷயம். வழிகாட்டியும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார், எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் அந்த ஆயா எங்களோடு ஒரு மணி நேரம் நடந்தார். பதினேழு செடி சொன்னார். பிறகு வந்த அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? 'உள்ளூர் மூதாட்டி ஒருவர் உதவினார்.' கலந்துகொண்டவர்கள் பெயர் எல்லாம் கடைசிப் பக்கத்தில் இருந்தது, படம் எடுத்தவர் பெயர் ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருந்தது. அந்தம்மா பெயர் மட்டும் யாரும் கேட்கவில்லை. காலைச் சாப்பாட்டுப் பொட்டலம் தலைக்கு ஒன்று என்று எண்ணி வந்திருந்தது. அவர் தலை எண்ணிக்கையில் இல்லை.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பார்கள். வேண்டுமென்று செய்தால்தான் சாதி என்று யார் சொன்னது? 'மூதாட்டி ஒருவர்', 'பழங்குடிகள் சொல்வார்கள்', 'கிராமத்து மக்களின் நம்பிக்கை' என்கிற இந்தச் சொல்லாடல் வழியாகத்தான் நம்ம ஆட்களின் அறிவு பெயரில்லாத காற்று மாதிரி ஆக்கப்படுகிறது. காற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துப் புட்டியில் அடைக்கலாம் இல்லையா?

அப்படி அடைத்த கதையும் உண்டு. 1987இல் அகத்தியர் மலைக் காட்டுக்குள் விஞ்ஞானிகள் குழு ஒன்று செடிகள் தேடி நடந்தது. வழி காட்டியவர்கள் காணிப் பழங்குடியினர். ஏறுவதில் விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது, காணிகள் ஒரு பழத்தை மென்றுகொண்டு களைப்பில்லாமல் ஏறினார்கள். அது என்ன என்று கேட்டார்கள். வெளியாளிடம் சொல்லக்கூடாதது என்று தயங்கினார்கள். பிறகு சொன்னார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரம் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் உரிமம் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. வருவதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதைப் பெற ஒரு அறக்கட்டளை 1997இல்தான் பதிவானது. உலகமெங்கும் இதை நல்ல உதாரணமாகக் காட்டுகிறார்கள். இருக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. அறிவு கைமாறியது நடக்கும்போதே, ஒரே நிமிஷத்தில். பங்கு பேசியது பல வருடம் கழித்து. நல்ல உதாரணத்திலேயே இதுதான் நிலைமை என்றால் கெட்ட உதாரணங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, மலபார் செடிகளைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகளை 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டார். 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்று பெயர். 742 செடிகள். அதற்கு அறிவு கொடுத்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். கொங்கணிப் பார்ப்பனர்கள் மூவரும் உதவினார்கள். தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சாதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் 1675இல் தன் கைப்பட எழுதிய உறுதிமொழி, கோலெழுத்திலேயே, முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. முன்னூறு வருடம் கழித்தும் அவரை யாராலும் அழிக்க முடியவில்லை. காரணம், அந்த ஒரு பக்கம். மன்னன் பெயரும் மடத்தின் பெயரும் மட்டும் நிலைத்த காலத்தில், தெருவில் நடக்கத் தடை இருந்த சாதியில் பிறந்தவர் தன் பெயரோடு அறிவியல் புத்தகத்துக்குள் நுழைந்துவிட்டார். ஆனால் மரத்தில் ஏறித் தழை பறித்து வந்த கூலிகளின் பெயர் அதில் இல்லை. அந்த இடத்தில்தான் நம் வேலை தொடங்குகிறது.

பெயர் வெறும் பெயர்தானே, அதில் என்ன அரசியல் என்று கேட்பவர்கள் உண்டு. 2024 ஜூலையில் மாட்ரிட் நகரில் கூடிய உலகத் தாவரவியல் மாநாட்டின் பெயரிடல் அவை ஓட்டெடுப்பு நடத்தி ஒரு முடிவு எடுத்தது. தென்னாப்பிரிக்கக் கறுப்பு மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லிலிருந்து வந்த 'காஃப்ரா' என்ற பெயரைத் தாங்கிய 200க்கும் மேற்பட்ட செடி, பாசி, பூஞ்சைகளின் பெயர்களை ஆப்பிரிக்காவைக் குறிக்கும் 'ஆஃப்ரா' என்று மாற்றுவது என்று முடிவு. லத்தீன் பெயரைத் தொடவே கூடாது, அது அறிவியல் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். கேட்டார்கள், நடந்தது. ஆகவே தாவரப் பெயருக்கும் மானம் உண்டு, அதைக் கேட்டு வாங்கவும் முடியும்.

இங்கே நம் தோழர்களிடமிருந்தே ஒரு எதிர்க்குரல் வரும் என்று தெரியும். 'குடிக்கத் தண்ணி இல்ல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, நீ செடிக்குப் பேரு கேட்டுகினு போறியா? இது நடுத்தர வர்க்கத்துப் பொழுதுபோக்கு' என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, கூட்டமாகப் போய்ச் செடி பார்க்கும் இந்த வழக்கத்தில் தொழிலாளிகளுக்கும் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது என்பது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் ஊர்களில் கைத்தறி நெசவாளிகள், செருப்புத் தைக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து தாவரச் சங்கம் வைத்திருந்தார்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. அன்றைக்குக் காடு கழனி சுற்றிச் செடி பறித்து வந்து சாராயக்கடை மேசையில் கொட்டுவார்கள். தலைவர் ஒன்றை எடுத்துப் பெயர் சொல்லி அடுத்தவரிடம் கொடுப்பார், அது கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வரும். எழுத்து சரியாகத் தெரியாதவர்களும் காதால் கேட்டு, வாயால் சொல்லி லத்தீன் பெயர்களை மனப்பாடம் பண்ணினார்கள். சந்தா காசில் ஒரு பங்கு குடிக்கு, ஒரு பங்கு புத்தகத்துக்கு. ஜான் ஹார்ஸ்ஃபீல்டு என்ற நெசவாளி, லின்னேயஸ் வகுத்த 24 வகுப்புகளைக் காகிதத்தில் எழுதித் தறிக்கால் மேல் ஒட்டி வைத்து, நெய்துகொண்டே படித்தார். ரிச்சர்டு பக்ஸ்டன் என்ற செருப்புத் தொழிலாளி பதினாறு வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். மான்செஸ்டரைச் சுற்றிப் பதினாறு மைலுக்குள் வளரும் செடிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1849இல் வந்தது. தோல் தைத்த கை எழுதிய தாவரவியல் புத்தகம்! இதை நம் பிள்ளைகளுக்கு எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்?

அதே மான்செஸ்டர் தொழிலாளிகளின் வாரிசுகள்தான் 1932 ஏப்ரல் 24இல், பிரபுக்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்துக்குள் கூட்டமாக அத்துமீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அங்கே திறந்த வெளிகளில் நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டில் சட்டமாகியது. நடை என்பது பொழுதுபோக்காகவும் இருக்கலாம், நிலத்தின் மேல் உரிமை கேட்பதாகவும் இருக்கலாம். நடக்கிறவன் யார், எங்கே நடக்கிறான் என்பதைப் பொறுத்தது.

இன்னொரு சந்தேகமும் நியாயமானது. கிராமத்தைப் புகழ்வது நம் அரசியல் கிடையாது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியும். கிராமத்தை விட்டு வெளியேறு என்றவர் அவர். பசியில் தின்ற கீரையைப் 'பாரம்பரிய உணவு' என்று மேடையில் கொண்டாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல் வரும். வெறும் கீரையைத் தின்று வளர்ந்த பிள்ளையைக் 'காட்டுக்கீரை தின்னி' என்று பள்ளிக்கூடத்தில் ஏசினவர்கள் பிள்ளைகள்தான் இன்றைக்கு முடக்கத்தான் தோசைக்கு விலை கொடுக்கிறார்கள். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். அந்தப் பசி நமக்கு வேண்டாம். அந்தக் குனிந்த முதுகு வேண்டாம். எங்கம்மா என்னைக் களை பறிக்க அனுப்பவில்லை, படிக்க அனுப்பினார். ஆனால் குனிந்து குனிந்து சேர்த்த அறிவு நம்முடைய சொத்து. அதைக் கூலியோடு சேர்த்து வயலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்களா? லத்தீன் பெயரும் வேண்டும், நுண்ணோக்கியும் வேண்டும், உலர்தாவரகத்தில் வேலையும் வேண்டும், ஆயா சொன்ன பெயரும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற பேரம் இதில் கிடையாது.

நடைகளில் கேட்கிற இன்னொரு பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'இது நம்ம மண்ணின் செடி, இது அந்நியச் செடி, அழிக்கணும்.' தூய்மை, கலப்பு, பூர்வீகம் என்ற சொற்கள் எங்கே வந்தாலும் நமக்குக் காது கூர்மையாகிவிடும். மிளகாய், தக்காளி, நிலக்கடலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சின்ன வயசில் தலையைக் கிள்ளி விளையாடி, வெட்டுக்காயத்துக்குக் கசக்கி வைத்த தாத்தாப்பூச் செடியும் அமெரிக்காதான். சீமைக்கருவேலம் பரவிய இடத்தில் மற்றச் செடிகள் அழிகின்றன, மேய்ச்சல் போகிறது என்பது உண்மை, மறுக்கவில்லை. 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அதை அகற்றச் சொன்னபோது ஊரெல்லாம் பொக்லைன் ஓடியது. ஊர்க்காரன் தோப்பில் ஒரு சுள்ளி ஒடித்தால் கட்டிவைத்து அடித்த காலத்தில் நம்ம அடுப்பு எரிந்தது அந்த முள்ளில்தான் என்பதை அப்போது யார் சொன்னார்கள்? கரிமூட்டம் போட்டுப் பிழைத்த சனங்களுக்கு மாற்று என்ன என்று யார் கேட்டார்கள்? செடியை அகற்றுவதா வைத்திருப்பதா என்று முடிவு பண்ணும் இடத்தில் அதை வெட்டி எரித்தவளும் உட்கார வேண்டும். அவள் இல்லாத இடத்தில் சூழலியல் பேசினால் அது இன்னொரு சாதிப் பஞ்சாயத்து.

இனி நிலம். காட்டுச்செடி எங்கே முளைக்கும்? உழாத இடத்தில். தரிசு, கல்லாங்குத்து, மேய்க்கால், ஏரிப் புறம்போக்கு, ஓடை ஓரம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் நிலை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. ஒதுக்கியது எதை? இந்தத் தரிசைத்தான். பத்து வருடத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்தான் கைமாறலாம் என்று நிபந்தனை. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் வரை என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அந்தப் பஞ்சமி நிலம் எங்கே போயிற்று என்று கேட்டுத்தான் காரணைப் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அதே செங்கல்பட்டு மண்ணில் நாற்பது பேர் செடி பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். கம்பி வேலி வருகிறது, சுற்றிப் போகிறார்கள். மனைப்பிரிவுக் கல் வருகிறது, தாண்டிப் போகிறார்கள். வேலிக்குள் என்ன செடி என்று எட்டிப் பார்க்கிறார்களே தவிர, வேலி எப்போது வந்தது, யார் போட்டது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. போன வருடம் இங்கே தொய்யக்கீரை நிறைய இருந்தது, இந்த வருடம் காணோம் என்று வருத்தப்படுகிறார்கள். கீரை தானாகவா போயிற்று? களைக்கொல்லி அடித்தார்கள், களை பறிக்கிற பொம்பளைகளின் கூலியும் போயிற்று, கீரையும் போயிற்று. நிலம் மனையாயிற்று, ஆடு மேய்க்கிற இடமும் போயிற்று. செடியின் அழிவும் சேரி சனத்தின் வெளியேற்றமும் ஒரே ஆவணத்தில் இருக்கின்றன. அந்த ஆவணத்துக்குக் கிராமக் கணக்கு என்று பெயர்.

அதனால்தான் சொல்கிறேன், செடியின் பெயருக்குப் பக்கத்தில் சர்வே எண்ணையும் எழுது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு இருக்கிறது. எந்தப் புல எண் என்ன வகை, யார் பெயரில் என்று அதில் தெரியும். பழைய பதிவேடுகளில் பஞ்சமி நிலம் டி.சி. நிலம் என்று குறிக்கப்பட்டிருக்கும். தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து நம் கையில் இருக்கிறது. பழைய பதிவேட்டையும் புதிய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் செடி பார்க்கிற பழக்கத்தோடு சேர்ந்து வந்துவிட்டால், அந்த நடை வேறு மாதிரி நடையாகிவிடும்.

சட்டத்திலும் ஒரு கதவு இருக்கிறது, முழுசாகத் திறக்கவில்லை என்றாலும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், 18 சதவீதத்துக்குக் குறையாமல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்று 2004ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. 2020 ஜனவரி 31க்குள் எல்லா இடத்திலும் முடிக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். குழுவில் நம் தெரு ஆள் யார் என்று கேளுங்கள். அவருக்கே தாம் உறுப்பினர் என்று தெரிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 2023இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏடுகளில், நூல்களில் ஏற்கெனவே எழுதப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, பலனைப் பங்கிடும் கடமையிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். எழுதினால் பறிபோகுமா, எழுதாவிட்டால் அழிந்துபோகுமா என்ற இக்கட்டில் நம் ஆயாக்களின் அறிவு நிற்கிறது. இதை வேறு யாரோ முடிவு பண்ண விடக்கூடாது. எதை எழுதுவது, எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது என்று அறிவுள்ளவர்களே முடிவு செய்ய வேண்டும்.

மாணவத் தோழர்களே, இயக்கத் தோழர்களே, என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்கள் அனுபவத்தில் திருத்திக்கொள்ளுங்கள்.

1. நடையின் ஆசிரியர் சேரியிலிருந்து வரட்டும். களை பறித்தவர், ஆடு மேய்த்தவர், விறகு பொறுக்கியவர். அன்றைய களைக்கூலிக்குக் குறையாமல் அவருக்குச் சம்பளம் கொடுங்கள். கூட்டத்தில் யாருக்குச் சாப்பாடு இல்லாமல் போனாலும் அவருக்கு முதல் இலை போடுங்கள்.

2. ஒரு நோட்டு. அதில் ஏழு கட்டம்: நாள், இடம், புல எண்ணும் நில வகையும், சேரியில் வழங்கும் பெயர், சொன்னவர் பெயர், புத்தகப் பெயர், போன தலைமுறையில் இங்கே எவ்வளவு இருந்தது. சொன்னவர் பெயரை அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். மருந்து விவரம் எழுத வேண்டாம் என்று அவர் சொன்னால் எழுதாதீர்கள்.

3. ஒரு முறை போனால் போதாது. ஆடி, ஆவணி மழைக்குப் பிறகு ஒரு தரம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தரம். ஏரி வற்றும் மாசி, பங்குனியில் ஒரு தரம். ஒரே செடியை முளையிலும் பார்க்க வேண்டும், பூவிலும் பார்க்க வேண்டும். முளையில் ஆயா ஆசிரியர், பூவில் புத்தகம் ஆசிரியர். அப்போதுதான் இரண்டு படிப்பும் ஒரே நோட்டில் சேரும்.

4. தாவரவியல் படிக்கும் நம் மாணவர்கள் மாதிரி எடுத்துப் பழகட்டும். பூவோடு ஒரு கிளை, பழைய செய்தித்தாளுக்கு நடுவில், இரண்டு பலகை, ஒரு கயிறு. முதல் வாரம் தினமும் தாளை மாற்ற வேண்டும். அருமையான செடி ஒன்றே ஒன்று நின்றால் பிடுங்காதீர்கள், படம் போதும். உலர்ந்த மாதிரியைக் கல்லூரி உலர்தாவரகத்தில் கொடுக்கும்போது சீட்டில் சொன்னவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். இட்டி அச்சுதனுக்குக் கிடைத்த ஒரு பக்கம் நம் ஆயாவுக்கு ஒரு வரியாகவாவது கிடைக்கட்டும்.

5. வீரத்துக்காக எதையும் வாயில் போடாதீர்கள். ஊமத்தையும் குன்றிமணியும் கூட அதே வேலியில்தான் இருக்கும். களைக்கொல்லி அடித்த வயலிலும், சாக்கடை கலக்கிற ஏரியிலும் பறித்த கீரை சட்டிக்கு ஆகாது.

6. பெண்கள் தனியாக அடுத்தவன் கொல்லைக்குள் போக வேண்டிய நடையை வைக்காதீர்கள். எங்கே எந்தக் கண் எப்படிப் பார்க்கும் என்று நமக்குத் தெரியும். கூட்டமாகப் போங்கள், தடுத்தால் கூட்டமாகவே நில்லுங்கள். புறம்போக்கில் நடக்க யாரிடமும் கும்பிடு போட வேண்டியதில்லை.

ஏற்கெனவே நடை நடத்திக்கொண்டிருக்கும் சூழல் நண்பர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். உங்களோடு சண்டை போட அல்ல, உங்கள் நோட்டில் இரண்டு கட்டம் கூட்டச் சொல்லத்தான் கேட்கிறோம். சொன்னவர் பெயர் ஒரு கட்டம், நிலத்தின் கணக்கு ஒரு கட்டம். அந்த இரண்டு கட்டத்தை நிரப்புவதில் உங்களுக்கு ஏன் தயக்கம் வருகிறது என்று யோசித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நமக்கு நேரம் அதிகம் இல்லை. இரண்டு இலையில் செடி சொல்லும் அந்தத் தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் பிள்ளைகள் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறார்கள், போகட்டும், அதுதான் நாம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்களும் வரட்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரட்டும். இந்த வருட மழைக்குச் சாரணை முளைக்கும்போது நம் தெருவிலிருந்து ஒரு நடை கிளம்ப வேண்டும். நோட்டு வாங்கியாயிற்றா என்று மட்டும் எழுதுங்கள்.